கிளறாத கறி

“கிளறாத கறி இன்னா கறி?”

அம்மா இதைக் கேட்டு நாலு வருஷத்துக்கு மேலாகிறது. சண்டை போடுகிற குரலில் கேட்கவில்லை. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, பதில் தெரிந்தால் சொல்லேன் என்பதுபோலக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் சங்கரா மீனின் முள் தொண்டையில் சிக்கினால் எத்தனை சோற்று உருண்டை விழுங்கினாலும் அந்த இடத்தில் உறுத்துமே, அப்படி உறுத்திக்கொண்டே இருந்தது அந்தக் கேள்வி.

அப்போது அவளுக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் நின்றுவிடும். ஜாக்கெட் போட அக்கா வேண்டும், தலை பின்ன அக்கா வேண்டும். ஃப்ரோசன் ஷோல்டர், சரியாக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பிடிக்கலாம், பொறுமையாகப் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்கு ஜாக்கெட்டும் பின்னலும்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இரும்புச் சட்டியைத் தூக்க முடியவில்லை என்பதுதான் அவளை வதைத்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நடந்துபோனால் எந்த வீட்டில் என்ன கறி என்று வாசலிலேயே தெரியும். எங்கள் வீட்டு வாசம் கோழி வறுவல். ஒரு கிலோ கோழியை அந்தச் சட்டியில் போட்டு, முக்கால் மணி நேரம் அடுப்பை விட்டு நகராமல் கிளறுவாள். முதலில் தண்ணீர் விடும், அப்புறம் வற்றும், அப்புறம் அடிபிடிக்கும், அதைச் சுரண்டிச் சுரண்டி மேலே கொண்டுவருவாள். நாற்பது வருஷத்துக் கிளறல் அந்தத் தோளில் இருந்தது. அதனால்தான் தோள் இறுகியது என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அவள் கரண்டி பிடிக்கிற கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அதனால் ஓவன் வாங்கினேன். மெட்ரோ ரயில் விம்கோ நகர்வரை ஓட ஆரம்பித்த 2021ஆம் வருஷம். முப்பது லிட்டர் ஓடிஜி, மேசைமேல் வைக்கிற மின்சார ஓவன். மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, நடுவில் ஒரு தட்டு. கோழியில் மசாலாவைப் பூசி, நாலு காயை வெட்டிப் போட்டு, உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட்டால் யாரும் கை வைக்க வேண்டாம். அம்மா உட்காரட்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குகிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

முதல் தட்டு

முதல் தொல்லை சமையலில் இல்லை, சுவரில். எங்கள் வீடு பழைய வீடு. சமையலறையில் இருந்தது மிக்சிக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக் மட்டும்தான். ஓவன் 1600 வாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். நான் கணக்கெல்லாம் போடாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து செருகிவிட்டேன். இருபது நிமிஷத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாசம். அம்மாதான் முதலில் மூக்கை உறிஞ்சி, “இன்னாவோ கருவுதுடா” என்றாள். எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் போட்ட பிறகுதான் அடுத்த ஞாயிறு. ஓடிஜி வாங்க நினைக்கிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். மசாலாவைப் பற்றி அப்புறம் யோசியுங்கள், முதலில் பிளக்கைப் பாருங்கள்.

அந்த அடுத்த ஞாயிறு, ஒரு கிலோ கோழி. தயிர், இஞ்சி பூண்டு, உப்பு, எங்கள் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூள். மிளகாய், தனியா, மிளகு, சீரகம், சோம்பு, விரலி மஞ்சள் எல்லாம் காயவைத்து மில்லில் அரைத்த தூள் அது. இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். உருளைக்கிழங்கு, கேரட், காலிஃபிளவர், குடைமிளகாய், தக்காளி, பெரிய வெங்காயம் என்று கைக்குக் கிடைத்த காயையெல்லாம் வெட்டிச் சேர்த்தேன். தட்டு நிறைந்து விளிம்பைத் தொட்டது. 200 டிகிரி, நாற்பது நிமிஷம்.

மணி அடித்ததும் கதவைத் திறந்தேன். தட்டு முழுக்கத் தண்ணீர். வெளுத்த செம்மண் நிறத்தில், மேலே திட்டுத் திட்டாகத் தயிர் திரிந்து மிதக்கிறது. அதில் கோழித் துண்டுகள் குளித்துக்கொண்டிருந்தன. தக்காளி கரைந்துவிட்டது, கேரட் துவண்டுவிட்டது, உருளைக்கிழங்கைக் குத்தினால் நடுவில் கல். கோழி வெந்திருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. அம்மா ஒரு துண்டை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.

“வெந்துகீது. வறுபடல.”

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

வேகுதல் வேறு, வறுபடுதல் வேறு. நம் பேச்சில் இதற்கு எத்தனை சொல்! வேகவைப்பது, வதக்குவது, வறுப்பது, பொரிப்பது, சுடுவது, வாட்டுவது. அப்பளத்தைச் சுடலாம், பொரிக்கலாம். கருவாட்டைச் சுடலாம், வறுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு ருசி, வேறு வாசம். நான் வாங்கிவந்த இயந்திரம் இவற்றில் எதைச் செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ‘பேக்’ பண்ணுகிறது என்று சொல்லிக்கொண்டேன். அம்மா அகராதியில் அந்தச் சொல்லுக்கு கேக் மட்டும்தான்.

சூட்டைக் கூட்டினேன்

பல மாதம் நான் செய்த தப்பு, சூடு போதவில்லை என்று நினைத்தது. 220 வைத்தேன். பிறகு 230 வைத்தேன். மேல் கம்பிக்கு அருகில் தட்டைத் தூக்கி வைத்தேன். மேலே தெரிகிற மசாலா கறுத்தது, மிளகாய் நெடி வீடு முழுக்கப் பரவி அக்கா பிள்ளைகள் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். கறுத்ததைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அடியில் அதே தண்ணீர். மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் அவ்வளவு சூட்டில் நிமிஷத்தில் கசந்துவிடும். மேலே கருகல், கீழே அவியல். ஒரே தட்டில் இரண்டு தோல்வி.

படிக்கிறபோது காரணம் புரிந்தது. கதவுக்குள் காற்று 200 டிகிரியில் இருக்கலாம். ஆனால் துண்டின் மேல் தண்ணீர் இருக்கிறவரை அந்த இடத்தின் சூடு 100ஐத் தாண்டாது. கொதித்து ஆவியாகவே எல்லாச் சூடும் செலவாகிவிடும். கோழியும் கிழங்கும் சிவந்து அந்த வறுத்த வாசம் வருவதற்கு மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேலே போயாக வேண்டும். தண்ணீர் போகாமல் அது நடக்காது. தட்டை அடைத்து வைத்தால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டுக்கு ஆவி பிடிக்கிறது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் படித்தது கைக்கு வரவில்லை. எவ்வளவு இடைவெளி, எவ்வளவு தயிர், எப்போது திருப்புவது? கதவு மூடியிருக்கிறது, சத்தம் கேட்கவில்லை, தொட்டுப் பார்க்க முடியவில்லை. நம்பரை மட்டும் நம்பிச் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு எம்.சி. ரோட்டுக் கடைத்தெரு நெரிசலில் நடப்பதுபோல இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஓவன் புதுசு இல்லை. அது வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ராயபுரம் பக்கம் கேக் மாவை அலுமினியத் தட்டில் ஊற்றி, மேலே துணி போட்டு மூடி, பேக்கரிக்குத் தூக்கிப்போவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டு ஆன்ட்டி தட்டைக் கொடுத்துவிட்டு வருவார், சாயந்திரம் போய் வாங்கிவருவார். ஒருமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். செங்கல் கட்டிய அடுப்பு, வாய் மட்டும் சின்னது, உள்ளே குகை மாதிரி நீளம். விறகை உள்ளேயே எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கல்லில் தங்கிய சூட்டில்தான் எல்லாம் வேகும். அடுப்புக்காரர் ஆள் உயரத்துக்குமேல் நீண்ட ஒரு மரத் துடுப்பை வைத்துக்கொண்டு தட்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். பின்னால் இருப்பதை முன்னால் இழுப்பார், ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுவார். வேர்த்துக் கொட்டியது. நின்ற இடத்தில் நிற்கவே இல்லை. ஓவன் தானாகச் சமைக்கும் என்று நான் எப்படி நம்பினேன் என்று அந்தத் துடுப்பை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

அம்மா ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்

ஒரு ஞாயிறு, மழை. மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நான் வழக்கம்போலத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டே சமையலறைக்குள் வந்து, ஓவன் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். உள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துப் பார்த்தாள். டிவி பார்க்கிற மாதிரி இல்லை. தொட்டிலில் பிள்ளை தூங்குகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். வாங்கி ஒரு வருஷத்தில் அவள் அதன் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் முறை.

ஐந்து நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் சொன்னாள்.

“எண்ணெ பிரியல.”

எனக்குப் புரியவில்லை. “இது வறுவல் இல்லம்மா, எண்ணெயே ரெண்டு ஸ்பூன்தான்.”

“ரெண்டு ஸ்பூன்னாலும் எண்ணெ எண்ணெதான். ஓரமாப் பாரு. தண்ணியும் எண்ணெயும் ஒண்ணாக் கலந்து வெள்ளையா நுரைக்குது. தண்ணி போச்சின்னா எண்ணெ தனியாத் தெரியும். அப்பத்தான் வறுபட ஆரம்பிக்கும்.”

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. தட்டின் ஓரத்தில் மங்கிய நுரை, சின்னச் சின்னக் கொப்புளம். நான் பல மாதமாக நம்பரில் தேடிக்கொண்டிருந்த 100 டிகிரியும் 140 டிகிரியும் அந்த ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தன. ‘எண்ணெய் பிரிய வதக்கு’ என்று பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். பதம் சொல்கிறார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். தண்ணீர் போய்விட்டது, இனிமேல் சூடு ஏறும் என்று சொல்கிற தகவல் அது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்து வைத்த அளவு.

அடுத்ததாகக் கேட்டாள்: “மீனு வறுக்கச் சொல்ல கல்லுல எத்தினி துண்டு போடுவேன்?”

“நாலு. பெரிசா இருந்தா மூணு.”

“ஏன் ஆறு போடல?”

“நசநசன்னு ஆயிடும்னு சொல்வ.”

“இதுல எத்தினி போட்டுகீற?”

எண்ணினேன். கோழி மட்டும் பதினாலு துண்டு. அதற்கடியில் முக்கால் கிலோ காய். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்து, பாதியை வேறு தட்டுக்கு எடுத்தேன். தேங்கியிருந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்தேன். மீதியைத் தள்ளித் தள்ளி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற மாதிரி வைத்து மறுபடி மூடினேன். பத்து நிமிஷம் போயிருக்கும். நாங்கள் இருவரும் வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தோம், அக்கா பெரியவனுடைய ஸ்கூல் பீஸ் என்று நினைக்கிறேன். அம்மா பேச்சை நடுவில் நிறுத்தி, இடது கையைத் தூக்கினாள்.

“கேளு.”

மூடிய கதவுக்குள்ளிருந்து சத்தம் மாறியிருந்தது. அதுவரை குழம்பு கொதிக்கிற மாதிரி மந்தமாக இருந்தது இப்போது சன்னமாக, சடசடவென்று. கடாயில் கடுகு அடங்கிய பிறகு கறிவேப்பிலை கிள்ளிப் போட்டால் வருமே, அந்த ஜாதி. வாசமும் அதே நேரத்தில் வந்தது. பூண்டு முதலில், அப்புறம் கோழிக் கொழுப்பு. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை வாசம் அந்த இரும்பு டப்பாவிலிருந்து முதல்முறையாக வந்தது.

“இப்ப திருப்பு,” என்றாள்.

இப்போது எப்படிச் செய்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக் கடையில் “தோலோடயா, உரிச்சியா?” என்பார்கள். வருஷக்கணக்காக உரித்துத்தான் வாங்கினோம். இப்போது தொடைத் துண்டுகள் மட்டும், தோலோடு. தோலில் இருக்கிற கொழுப்பு உருகி அடியில் இருக்கிற காய்க்குப் போகும். கிரில் கோழிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். மேல் வரிசைக் கோழியின் கொழுப்பு கீழ் வரிசை மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். இங்கே அந்தக் கீழ் வரிசைதான் காய்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்துவிடுகிறேன், கிலோவுக்கு மூன்று ஸ்பூன் கெட்டித் தயிர் போதும். மிளகாய்த்தூளை நேராகத் தூவாமல் எண்ணெயில் குழைத்துப் பூசினால் சீக்கிரம் கருகாது. எலுமிச்சை கடைசியில்தான். துண்டைத் தட்டில் வைக்கும்போது மேலே அப்பியிருக்கும் மசாலாவை விரலால் வழித்துவிட வேண்டும். இது எனக்கு மனசு வராமல் இருந்தது. இவ்வளவு மசாலாவையும் வழித்துப் போடுவதா என்று இருக்கும். ஆனால் ஊறவேண்டியது இரண்டு மணி நேரத்தில் ஊறிவிட்டது, மேலே இருப்பது ஈரம்தான். வழித்ததை வீணாக்குவதில்லை, கடைசியில் வெங்காயத்தோடு வதக்கித் தொக்காக்கிவிடுவோம்.

காயில் தக்காளியும் குடைமிளகாயும் போய்விட்டன, இரண்டும் தண்ணீர் மூட்டை. உருளைக்கிழங்கு, சேனை, கேரட் மூன்றையும் ஒரே அளவில் வெட்டி, உப்பும் எண்ணெயும் மட்டும் பிசிறி, கோழிக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே 200 டிகிரியில் உள்ளே தள்ளுகிறேன். கிழங்குக்கும் கோழிக்கும் ஒரே நேரம் கொடுத்தால் ஒன்று கல்லாக இருக்கும் அல்லது இன்னொன்று சக்கையாகும். அதற்கப்புறம் கோழி, தோல் மேல்பக்கம். கூடவே சின்ன வெங்காயமும், தோல் உரிக்காத பூண்டுப் பல்லும். பூண்டை உரித்துப் போட்டால் கருகிக் கசக்கும். தோலோடு போட்டால் உள்ளே வெண்ணெய் மாதிரி குழைந்திருக்கும், பிதுக்கிச் சோற்றில் பிசையலாம். முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம். காலிஃபிளவர் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்கு மட்டும். ஒரு கிலோவுக்கு இரண்டு தட்டு, ஒன்றன்பின் ஒன்று. ஒரே தடவையில் முடிக்கிற ஆசையை விட்டுவிட வேண்டும்.

ஒரு இறைச்சித் தெர்மாமீட்டரும் வாங்கினேன். கோழிக்கு உள்சூடு 74 டிகிரி வந்தால் பயமில்லை. தொடைக்கறி மட்டும் 80ஐத் தாண்டினால்தான் அந்த வழவழப்பு போய் எலும்பிலிருந்து கழன்று வரும். எலும்பை ஒட்டிக் கொஞ்சம் சிவப்பாக இருக்கும், அது எலும்புக்குள்ளிருந்து வருகிற நிறம், வேகாததாகவே இருக்க வேண்டும் என்றில்லை. அக்கா அதைப் பார்த்துத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்வாள், அப்போது நான் தெர்மாமீட்டரைக் காட்டுவேன். அம்மா தெர்மாமீட்டரைப் பார்ப்பதில்லை. முட்டியைப் பிடித்து லேசாகத் திருகிப் பார்ப்பாள். அது சுலபமாகச் சுழன்றால் எடு என்பாள். நான் அதற்கப்புறம் குத்திப் பார்ப்பேன், 82, 83 காட்டும்.

தோள் இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. கை தலைக்குமேல் போகிறது, பின்னல் அவளே போட்டுக்கொள்கிறாள். இரும்புச் சட்டியும் மறுபடி இறங்கியது. மாதத்தில் இரண்டு ஞாயிறு சட்டி, இரண்டு ஞாயிறு தட்டு. சட்டி ஞாயிறுகளில் அவள் அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள், அவள் முதுகைத்தான் நாங்கள் பார்ப்போம், பேசினால் திரும்பாமலே பதில் சொல்வாள். சின்ன வயதிலிருந்து ஞாயிறு மதியத்து அம்மா என்றால் எனக்கு அந்த முதுகுதான். வேர்வையில் ஒட்டிய ஜாக்கெட், அதன்மேல் குறுக்கே போன முந்தானை. தட்டு ஞாயிறுகளில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். முகம் எங்கள் பக்கம், காது ஓவன் பக்கம். அவளுடைய அம்மா காசிமேட்டில் மீன் கூடை தூக்கிய கதை, நைனா அவளைப் பெண் பார்க்க வந்த அன்று கேசரி அடிபிடித்த கதை, இதெல்லாம் நான் கேட்டது அந்த நாற்பது நிமிஷங்களில்தான். நாற்பது வயதுக்கு அருகில் வந்து, பக்கத்திலேயே இருந்தவளைப் பற்றி முதல்முறையாகக் கேட்கிறேன். சட்டி ருசியா தட்டு ருசியா என்று என்னைக் கேட்டால் சட்டி என்றுதான் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் மாதத்தில் இரண்டு ஞாயிறு தட்டு வேண்டும்.

போன ஞாயிறு கோழியையும் காயையும் எடுத்துப் பரிமாறியாகிவிட்டது. தட்டை ஊறவைக்க சிங்க்குக்குக் கொண்டுபோனேன். “அத்த இங்க கொண்டா,” என்றாள். அடியில் மசாலா பிடித்து, ஓரமெல்லாம் கொழுப்பு உறைந்து, கேரட் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சூடாக ஒரு அகப்பை சோற்றைத் தட்டில் கொட்டினாள், ஒரு கை வெந்நீர் தெளித்தாள், வலது கையாலேயே பிசைந்தாள். நாலு மூலையிலும் விரலால் சுரண்டிச் சுரண்டி, வெள்ளைச் சோறு ஒரு பருக்கையும் மீதி இல்லாமல் செம்பழுப்பாகிறவரை பிசைந்து, உருண்டை பிடித்து அக்கா பிள்ளைகளுக்கும் எனக்கும் கையில் வைத்தாள். வறுவல் செய்த சட்டியில் சோறு போட்டுப் பிசைந்து தருவாளே, அதே உருண்டை. சின்னவன் இரண்டாவது கேட்டான்.

“அடுத்த வாட்டி சேனை கூடப் போடு,” என்றாள் என்னிடம், விரலை நக்கிக்கொண்டே. “கோழி முக்கால் கிலோ போதும்.”